ஸ்டெப்னிக்குள் ஜாக்கி

இன்னும் நாற்பது கிலோமீட்டர் பாக்கி. பின்பக்க இடது டயர் பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. மணி ஒன்பதே முக்கால்.

பதினொன்றுக்குப் பதிவு அலுவலகத்தில் என் தங்கைக்குக் கல்யாணம். சாட்சிக் கையெழுத்து நான் போட வேண்டும். அந்த மாப்பிள்ளை வேண்டவே வேண்டாம் என்று வீட்டில் முதலில் குதித்தவளும் நான்தான். நான்கு வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. போன வாரம் அவளே கூப்பிட்டு, "நீ வந்து ஒரு கையெழுத்துப் போடுக்கா, எனக்கு அது போதும்" என்றாள். அதற்காக இரண்டு நாளாக வந்துகொண்டிருந்தோம்.

எங்கள் வண்டிக்குள் கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் உண்டு. என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாங்கிய நடமாடும் வீடு. ஸ்டெப்னி டயர் முதலில் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. ரப்பர் நாற்றத்தில் தூக்கம் வரவில்லை என்று நான் தினமும் பாட்டுப் பாடினேன். இவர் பட்டறைக்குப் போய், வண்டிக்கு அடியில் இரும்புச் சட்டம் அடித்து அதைப் படுக்கவைத்து மாட்டினார். ஜாக்கி அலமாரியில் உருள்கிறது என்றேன். அதையும் டயரின் குழிவுக்குள் வைத்துக் கட்டிவிட்டார். பரவாயில்லை, மனுஷனுக்கு மூளை இருக்கிறது என்று மெச்சியும் தொலைத்தேன்.

இப்போது அதே மனுஷன் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார்.

"சட்டம் நாலு விரக்கடைதான் இறங்குது. தரை தட்டுது."

"வண்டிய ஜாக்கி வெச்சுத் தூக்குங்க."

அவர் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜாக்கி எங்கங்க?"

"டயருக்குள்ள."

"மாட்டுறப்போ இறக்கிப் பாக்கலையா?"

"பட்டறையில நல்லாத்தான் இறங்குச்சு."

"அங்க குழிக்குள்ள நின்னு மாட்டுனீங்க! ரோட்டுல யாரு உங்களுக்குக் குழி வெட்டி வெச்சிருக்கா?"

"உள்ள வெக்காதேன்னு சொன்னது யாரு?" என்றார் அடியிலிருந்தே.

அது உண்மை என்பதால் இன்னும் எரிந்தது. என் குழம்புக் கரண்டியை எடுத்து மண்ணைத் தோண்ட ஆரம்பித்தார். கரண்டி வளைந்ததுதான் மிச்சம். தங்கைக்கு நான்கு தடவை அடித்தேன், எடுக்கவில்லை. பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதுதான் ஒரு லாரிக்காரர் நிறுத்தினார். குனிந்து பார்த்துவிட்டு, "என்ன சார், பீரோ சாவிய பீரோவுக்குள்ளயே வெச்சுப் பூட்டிட்டீங்களா?" என்று சிரித்தபடி தன் ஜாக்கியைக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினொன்றே காலுக்குத் தங்கை கூப்பிட்டாள். "எங்கக்கா இருக்க?"

டயர், சட்டம், குழி, ஜாக்கி, கரண்டி எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது புளுகு மாதிரி கேட்டது. அவள் முழுசாகக் கேட்டுக்கொண்டாள்.

"அங்க இருந்த கிளார்க்கம்மா கையெழுத்துப் போட்டுட்டாங்க" என்றாள். "வர இஷ்டமில்லேன்னா இல்லேன்னே சொல்லியிருக்கலாமேக்கா. இவ்ளோ கதை யோசிச்சிருக்க வேணாம்."

போனை வைத்துவிட்டாள். திரும்ப அடித்தேன், போகவில்லை.

இவர் கடைசி நட்டை முடுக்கிவிட்டு, முகமெல்லாம் கரியாக எழுந்தார்.

"முடிஞ்சுது, ஏறு. வேகமாப் போனா பிடிச்சிடலாம்."