நாற்பத்துமூன்று தொழிலாளிகள்

பெட்டியைப் பிரிக்கும்போது கோபிஷாவுக்குச் சந்தோஷம்தான். பிரெஞ்சிலிருந்து ஜெர்மனுக்கு அவள் மொழிபெயர்த்த முதல் நாவல். இருநூறு வருடங்களுக்கு முன் லோசான் நகரச் சீமாட்டி ஒருத்தி எழுதியது. கரீபியத் தீவொன்றில் கரும்புத் தோட்டம் வைத்திருந்த சுவிஸ் குடும்பத்தின் கதை. பதிப்பகம் அனுப்பிய பத்துப் பிரதிகளையும் சுவிஸின் பூம்ப்ளிஸில் இருந்த தன் வீட்டுச் சமையலறை மேசையில் அடுக்கிவிட்டு, பன்னிரண்டாம் அத்தியாயத்தைத் திறந்தாள்.

கரும்பு பிழியும் உருளைகளுக்குள் ரோஸ் என்ற பெண்ணின் கை அகப்பட்டுவிடுகிறது. ஆலை நிற்கக் கூடாது. பக்கத்தில் அதற்கென்றே தொங்கும் கோடரியை எடுத்துக் கங்காணி கையை வெட்டுகிறான். அந்த ஒரு பக்கத்தை மொழிபெயர்க்க அவளுக்கு ஒரு கிழமை எடுத்தது. அடிமையின் கை என்று எழுதியிருந்தாள். அச்சில் "தொழிலாளியின் கை" என்று இருந்தது.

பக்கங்களைப் புரட்டினாள். நாற்பத்துமூன்று இடங்கள். ஓரிடத்தில், "மகளின் கல்யாணத்துக்காக அவர் இரண்டு தொழிலாளிகளை விற்றார்."

ஆஸ்பத்திரிச் சமையலறை வேலை முடிந்து வந்த கணவன் தேனுஜன் அவள் முகத்தைப் பார்த்துத் திகைத்தான்.

"தொழிலாளியை வித்தவராம்!" என்று கத்தினாள். "நாளைக்கு உம்மட ஷெஃப் உம்மை விப்பாரோ?"

"விடும் கோபி. உதை ஆர் வாசிக்கப்போகினம்?"

"நான் வாசிச்சனான்!"

மறுநாள் பதிப்பகத்துக்குப் போனாள். பதிப்பாசிரியை பார்பரா காப்பியை நீட்டினாள். கோபிஷா வாங்கவில்லை.

"உங்களைப் போன்றவர்களை நினைத்துத்தான் மாற்றினேன். அந்தச் சொல் புண்படுத்தும்" என்றாள் பார்பரா.

"ரோஸுக்குச் சம்பளம் எவ்வளவு? வருடத்துக்கு எத்தனை நாள் லீவு? பென்ஷன் உண்டா?"

"ஏன் இவ்வளவு கோபம்? இது உங்கள் மக்களின் கதைகூட இல்லையே."

"முதலில் எனக்காக மாற்றினேன் என்றீர்கள். இப்போது என் கதை இல்லை என்கிறீர்கள். அந்தச் சீமாட்டி, அடிமைகள் ஆட்டிய கரும்பின் சீனியைத் தேநீரில் போட்டுக் குடித்தவள். அவளுக்கே அடிமை என்று எழுதக் கை கூசவில்லை. உங்களுக்கு ஏன் கூசுகிறது?"

பார்பரா, புத்தகம் கடைகளுக்குப் போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கோபிஷா சிவப்புப் பேனையை எடுத்தாள். தொழிலாளி என்று வந்த இடமெல்லாம் கோடு போட்டு, மேலே அடிமை என்று எழுதினாள். முதல் பிரதியை முடிக்க மதியமாகிவிட்டது. தேனுஜன் அதை எடுத்துப் பன்னிரண்டாம் அத்தியாயத்தை நின்றபடியே வாசித்தான். பிறகு கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு கேட்டான்:

"இன்னொரு பேனை இருக்கோ?"

பத்துப் பிரதிகளும் ஒரு கடிதத்துடன் பத்துப் பத்திரிகைகளுக்குப் போயின. ஒன்பதிலிருந்து பதில் இல்லை. சூரிச் பத்திரிகை ஒன்று மட்டும் திருத்திய பக்கத்தைப் படமாகவே போட்டு, அரைப் பக்கம் எழுதியது.

அது வெளிவந்த அன்று காலையே பார்பரா கோபிஷாவுக்குப் போன் எடுத்தாள். அடுத்த பதிப்பில் பழைய சொல்லைப் போடுவார்களாம். ஆனால் கோபிஷாவுக்கு இனி அங்கே வேலை இல்லை.

"உங்களுக்கு ஒரு வாய்ப்புத் தந்தோம். கொஞ்சம் நன்றியாவது இருந்திருக்கலாம்."

"என்ன நன்றி? யாருக்கு?" என்றாள் கோபிஷா. அவள் போனை வைத்தாள். கோபம் கொஞ்சமும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று அவள் நினைக்கவுமில்லை.