மவுஸ் இல்லாத நீலத் திரை

என் வேலையில் எனக்குக் கர்வம் உண்டு. அதை மறைத்துப் பழக்கமில்லை. இந்த இத்தாலிய நகரின் நடுவே, பொலிதேயாமாவில் நான் வேலை செய்யும் நிறுவனம் அலுவலகங்களின் கணினிகளைப் பராமரிக்கிறது. எங்காவது ஒரு சேர்வர், அதாவது மற்றக் கணினிகளுக்கெல்லாம் தாய்க் கணினி, அடம்பிடித்தால் "லக்ஷனாவைக் கூப்பிடு" என்பார்கள். நான் போய் நின்றால் அது வழிக்கு வரும். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்களுக்காக நான் குரலைத் தாழ்த்தப் போவதில்லை.

அப்படிப்பட்டவளைப் பெற்ற அம்மா, மவுஸைத் தொட்டால் நடுங்குவார்.

அம்மாவின் பெயர் ஞானாம்பிகை. அடக்கமான ஆள் என்று யாரும் தவறாக நினைத்துவிட வேண்டாம். அவர் வேலை செய்யும் வீடுகளின் எசமானிகளான சிஞ்ஞோராக்கள் திரைச்சீலைக்கு நிறம் பார்ப்பதென்றாலும் அவரைத்தான் கேட்பார்கள். சந்தையில் மீன்காரனோடு அவர் மல்லுக்கட்டும் இத்தாலியன் எனக்கே வராது. ஆனால் குடியுரிமைக்கான மொழிப் பரீட்சையைக் கணினியில்தான் எழுத வேண்டும் என்றதும் ஆள் பாதியாகிவிட்டார். போன வருடம் பரீட்சை அறை வரை போனார். மவுஸைப் பிடித்ததும் கை நடுங்கியது, அம்புக்குறி திரை முழுக்க ஓடியது, எழுந்து வந்துவிட்டார்.

"நீ இஞ்சை பிறந்தபடியால் வோட் போடுறாய். நான் இந்த ஊரைக் கூட்டிக் கழுவினனான், எனக்கு வோட் இல்லை. கண்டறியாத மவுஸ்!" என்று வீட்டில் ஒரே புறுபுறுப்பு.

இதே பரீட்சைக்காகப் பயந்துகொண்டிருந்த பெண்கள் எங்கள் ஆட்களில் நிறையப் பேர் இருந்தார்கள். பிரான்காச்சோப் பகுதியில் ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எங்கள் தமிழ்ச் சங்க மண்டபம் இருக்கிறது. அங்கே ஞாயிறு தோறும் அவர்களுக்குக் கணினி வகுப்பு நடத்துவதென்று நான் முடிவு செய்தேன். ஓர் அலுவலகம் குப்பைக்கு அனுப்ப இருந்த பழைய சேர்வரைக் கேட்டு வாங்கினேன். அம்மாவும், வகுப்புக்கு வரவிருந்த மன்னார்ச் சறோஜா அன்ரியும் நானும் அதைப் பஸ்ஸில்தான் கொண்டுபோனோம். ஒரு கிழவர் எழுந்து அதற்கு இடம் கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை.

பன்னிரண்டு பழைய திரைகளை அந்த ஒற்றைச் சேர்வரோடு இணைத்து, ஒவ்வொன்றும் தனிக் கணினி போல வேலை செய்ய வைப்பதுதான் திட்டம். அதற்கு முதலில் பயாஸுக்குள் போக வேண்டும். இயந்திரம் கண்விழிக்கும்போது ஒரு விசையை அழுத்தினால் வருகிற நீலத் திரை அது. மெமரியும், இயந்திரத்தின் மூளையான புரொசசரும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை அங்கேதான் சொல்லிவைக்க வேண்டும்.

நான் மூன்று அமைப்புகளை மாற்றினேன். அந்த அலுவலகத்துக்கென்றே செய்து கொடுத்த இயந்திரம் அது. மெமரியில் எழுதுவதையெல்லாம் இரண்டு தரம் எழுதும்படி தொழிற்சாலையிலேயே அமைத்திருந்தார்கள். பாதுகாப்புத்தான், ஆனால் பாதி மெமரி வீண். அதை நீக்கினேன். ஒரு புரொசசரைப் பல கணினிகளுக்குப் பங்குபோடும் அமைப்பு அணைந்து கிடந்தது. அதைப் போட்டேன். கடைசியாகப் புரொசசரின் வேகத்தை ஒரு படி இறக்கினேன். முழு வேகத்தில் விட்டால் அது மின்சாரத்தை அள்ளிக் குடிக்கும். அந்த நேரம் யாராவது தேநீருக்கு பாய்லரையும் போட்டால் மண்டபத்து மீற்றர் தாங்காமல் எல்லாம் இருண்டுவிடும்.

பன்னிரண்டு திரைகளும் ஒன்றாகத் திறந்தபோது பெண்கள் கைதட்டினார்கள். நான் தலை குனியவில்லை, நன்றாக நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு ஒரு திரையும் வரவில்லை. பயாஸைத் திறந்தால் மூன்று அமைப்புகளும் பழையபடி, தொழிற்சாலையில் பிறந்த கோலத்தில் இருந்தன. திருப்பிச் சரிசெய்தேன். அதற்கடுத்த ஞாயிறும் அதே கதை. சங்கத் தலைவர் விக்னராஜா மாமாவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"பிள்ளை, உன்ரை சேர்வருக்கு மறதிக் குணம் போலை. வல்லாரைச் சம்பல் அரைச்சுக் குடுத்துப் பார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அமைப்புகளை நினைவில் வைக்கிற சின்னப் பற்றரி உள்ளே செத்துப்போயிருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் மின்சாரம் இருக்கும் வரை அந்தப் பற்றரிக்கு வேலையே இல்லை. பிளக்கை யாரும் கழற்றவில்லை, மண்டபத்துக்கு வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். காரணம் தெரியாமல் பாகம் மாற்றுவது என் தொழிலுக்கு இழுக்கு. ஆகவே யாரோ கைவைக்கிறார்கள் என்று முடிவுகட்டி எல்லோரையும் விசாரித்தேன். விக்னராஜா மாமாவைக்கூட விடவில்லை. தான் தொடவே இல்லை என்று சறோஜா அன்ரி மடு மாதா மேல் சத்தியம் செய்தார்.

இப்படியே ஒவ்வொரு ஞாயிறும் நான் திட்டித் திட்டி நீலத் திரையில் வேலை செய்வேன். அம்மா தேநீர்க் கோப்பையோடு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அதன் பிறகு திரைகள் வந்தால், தன் மவுஸின் முன்னால் போய் அமர்ந்து நடுங்குவார்.

பரீட்சைக்கு முந்திய கடைசி வகுப்பும் வந்தது. "இண்டைக்கும் கை நடுங்கினால் நான் போகமாட்டன். இனிமேல் கேக்கவும் மாட்டன்," என்று சொல்லிவிட்டு அம்மா எனக்கு முன்னால் வேளைக்கே மண்டபத்துக்குப் போய்விட்டார். அம்மா சொன்னால் சொன்னதுதான். இந்தத் தடவை விட்டால் அவருக்கு வோட்டும் இல்லை, ஒன்றும் இல்லை.

அன்றைக்கென்று நகரத்தில் ஓட்டப் போட்டி. வீதிகளை மறித்துவிட்டார்கள். என் பஸ் ஒரேத்தோ வீதியில் நின்றது நின்றதுதான். அம்மாவுக்கு போன் எடுத்தால் பதில் இல்லை. இறங்கி நானும் ஓடினேன். கறுத்த திரைகளுக்கு முன்னால் பெண்கள் இருந்து பார்த்துவிட்டு எழுந்து போவதும், அம்மா கைப்பையைத் தூக்கித் தோளில் போடுவதும் வழி முழுக்க என் கண்ணில் நின்றன.

மூச்சிரைக்க மண்டபத்துக்குள் நுழைந்தால் பன்னிரண்டு திரைகளும் ஒளிர்கின்றன. பெண்கள் பயிற்சி செய்துகொண்டிருக்கிறார்கள். அம்மா சேர்வருக்குப் பக்கத்தில் ராணி மாதிரி உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்.

"ஆர் இதைச் செய்தது?" என்றேன்.

"ஆர் செய்வினம்? நான்தான்."

"நீங்கள் மவுஸே தொடமாட்டியளே அம்மா!"

"உந்த நீலத் திரையிலை எங்கையடி மவுஸ்? அம்புக்குறி போட்ட விசை நாலும் என்ரரும்தானே. சிஞ்ஞோரா வீட்டு உடுப்புத் தோய்க்கிற மெஷின் மாதிரி. மேலை, கீழை, சரி. எத்தினை தரம் நீ செய்யப் பார்த்திட்டன்!"

நம்பாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மெமரி முழுசாக இருந்தது. புரொசசரைப் பங்குபோடும் அமைப்பும் போட்டிருந்தது. வேகத்தைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன்.

"அதையும் குறைச்சனான். பாய்லரைப் போட்டு எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்தினாச்சு. கறன்ற் போகேல்லை, பார்."

நான் திருத்திய எந்தச் சேர்வரும் அந்த அளவு சந்தோஷத்தை எனக்குத் தந்ததில்லை. ஆனாலும் தொழில்காரியின் மனம் சும்மா இருக்கவில்லை.

"அதெல்லாம் சரி, இது ஏன் ஒவ்வொரு கிழமையும் மறக்குது?"

"வகுப்பு முடிஞ்சு கடைசியாப் போகேக்கை நான் மெயின் சுவிச்சை நிப்பாட்டிப்போட்டுப் போறன். காலமை வந்து போடுறன். அதாலையோ தெரியாது."

"மெயினையா!"

"பூட்டின இடத்திலை கறன்றை விட்டிட்டுப் போறதோ? மழை, இடி வந்தால்? எங்கடை ஆக்களிலை ஆர் அப்பிடி விடுவினம்?"

ஒருவரும் விடமாட்டார்கள்தான். எங்கள் வீட்டிலேயே இடி முழங்கினால் முதலில் மெயினுக்குத்தான் ஓடுவோம். அது எனக்குத் தோன்றவில்லையே என்ற ஆத்திரத்தில் கத்தினேன்.

"சொல்லியிருக்கலாமே அம்மா!"

அம்மா என்னைவிட உரத்துக் கத்தினார். "நீ கேட்டனியோ? ஊரிலை உள்ள எல்லாரையும் கேட்டாய். என்னைக் கேட்டனியோ?"

கேட்கவில்லை. அம்மா சேர்வரின் பக்கமே போகமாட்டார் என்று நினைத்திருந்தேன். விக்னராஜா மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

சிரிப்பு அடங்கியதும் அம்மா கேட்டார். "பரீட்சைக் கொம்பியூட்டரிலையும் உந்த அம்புக்குறி விசையள் இருக்கும்தானே?"

இருக்கும்தான், மவுஸ் இல்லாமல் விசைகளாலேயே முழுப் பரீட்சையையும் எழுதலாம். உடனே ஒரு திரையின் முன்னால் அவரை இருத்தி, மவுஸை எடுத்துப் பின்பக்கம் போட்டேன். ஒரு கேள்வியிலிருந்து அடுத்ததற்குத் தாண்டும் விசையையும் விடையைத் தெரிவு செய்யும் விசையையும் காட்டினேன். அன்று முழுக்க அவர் கை ஒரு தரம்கூட நடுங்கவில்லை. மறுநாள் சட்டைப் பொத்தான் அளவிலான புதுப் பற்றரி வாங்கிச் சேர்வருக்குப் போட்டேன். இனி அம்மா தாராளமாக மெயினை நிறுத்தலாம்.

பரீட்சையன்று வெளியே காத்திருந்தேன். போன வருடம் எழுந்து வந்த நேரம் கடந்தது. அம்மா வரவில்லை. கடைசியில் எல்லோரோடும் சேர்ந்து, கைப்பையை வீசிக்கொண்டு வந்தார்.

"பரீட்சை அறையிலை மேற்பார்வைக்கு நிண்ட பெட்டை வந்து கேக்கிறாள், மவுஸ் பழுதோ, வேறை தரட்டோ எண்டு. 'நொன் மி சேர்வே' எண்டனான். எனக்கு அது தேவையில்லை."

முடிவு வந்தது, பாஸ். மண்டபத்துத் திரையில் அதைத் தானே திறந்து எல்லோருக்கும் உரத்து வாசித்தார். இனி விண்ணப்பம், பிறகு நீண்ட காத்திருப்பு என்றேன். அதெல்லாம் அவர் காதில் விழவில்லை.

"வோட் போடுற இடத்திலை மவுஸ் வைச்சிருப்பினமோ?"

"இல்லை அம்மா. பென்சில்தான் தருவினம்."

"அப்ப பிரச்சினை இல்லை," என்று அம்மா பாய்லரைப் போடப் போனார்.