ஒன்பதாவது பாட்டில் இருப்பவர் யார்

பாரிஸிலிருந்து வரப்போகிற பெண்ணிடம் இசைத்தொழில் எப்படியெல்லாம் மாறிப்போயிற்று என்று சொல்ல ரெஜிஸ் நான்கு கருத்துகளைத் தயார் செய்து வைத்திருந்தார். காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடி முன் சொல்லியும் பார்த்தார். மூன்றாவது நன்றாக வந்தது: "அப்பல்லாம் பாட்டு சூடு பிடிக்கவே ரெண்டு நிமிஷம் ஆகும். ஜனங்க கோட்டைக் கழட்டி மாட்டிட்டு வந்து உக்காருவாங்க. இப்ப அரை நிமிஷத்துல பிடிக்கலைன்னா விரலால தள்ளிவிட்டுட்டுப் போயிடறாங்க."

வெளியீட்டு நிறுவனத்துப் பெண் க்ளெமான்ஸ் பதினோரு மணிக்கு ரூபே நகரத்து வீட்டின் சமையலறை மேசையில் வந்து உட்கார்ந்தாள். சிக்கரிக் காப்பியை மரியாதையாக மறுத்தாள். அவர் முதல் கருத்தைப் பாதி சொல்வதற்குள் மடிக்கணினியைத் திறந்துவிட்டாள்.

"முசியே, உங்க பதினோரு ஆல்பத்துலயும் சேர்த்து ஜனங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். கடைசி ஆல்பத்துல ஒன்பதாவது."

முப்பது வருடம் மின்னிசைக் கருவிகளோடு மல்லுக்கட்டியவர் ரெஜிஸ். ஒன்பதாவது பாட்டு, இடத்தை அடைக்கப் போட்டது. ஒரு ஞாயிறு மதியத் தூக்கத்தில் மனைவி மிரெய் விட்ட குறட்டை, அடியில் மெதுவாக ஒரு தாளம், அவ்வளவுதான். தனக்குக் குறட்டையே கிடையாது என்று அவள் இருபத்தொன்பது வருடம் சாதித்ததால், சாட்சிக்காகப் பதிவு செய்தது. ஆல்பத்தின் உறையில் அவள் பெயரைப் போட்டதற்கு மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் தபால் நிலையத்தில் தன்னோடு வேலை செய்த எல்லோருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்தாள். யாரோ அதைக் குழந்தைகளைத் தூங்கவைக்கும் பட்டியலில் சேர்த்துவிட, இப்போது கொரியாவிலும் பிரேசிலிலும் பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் கண்மூடுகிறார்களாம்.

மிரெய் போய் மூன்று வருடமாகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ரெஜிஸும் அதைப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறார். இதைக் க்ளெமான்ஸிடம் சொல்லவில்லை.

"எட்டு மணி நேரம் ஓடற மாதிரி ஒண்ணு வேணும். இயந்திரம் இதைக் கத்துக்கிட்டுத் தானே குறட்டை விட்டுக்கிட்டிருக்கும். அவங்க உயிரோட இல்லாததால, இது அவங்க குரல்தான்னு குடும்பத்துல ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும்."

இரண்டாவது ஆள் மிரெயின் அக்கா ஒடில். வியாழக்கிழமை தவறாமல் வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ் போட்ட பணியாரமும் புகார்களும் கொண்டுவருகிறவள். அன்றும் வியாழன்தான். வந்தவள் பணியாரத்தை வெட்டிக்கொண்டே பாட்டைக் கேட்டாள். முகம் சுளித்தாள்.

"எங்க வீட்டுல யாரும் குறட்டை விட்டதில்ல. இது நீ."

"நானா? மைக்கைப் பிடிச்சுட்டு இருந்ததே நான்தானே!"

"பிடிச்சுட்டே தூங்கியிருப்ப. உன் பாட்டைக் கேட்டு உலகமே தூங்குது, நீ மட்டும் முழிச்சிருந்தியாக்கும்?"

க்ளெமான்ஸ் சிரிப்பை அடக்கினாள். ரெஜிஸும் சிரித்தார். ஆனால் பதிவுக் கருவியை முடுக்கியது நினைவிருந்தது, நிறுத்தியது நினைவில்லை. ஒடில் சொல்வது உண்மையானால், மூன்று வருடமாகத் தன் குறட்டையையே கேட்டுத்தான் அழுதுகொண்டிருக்கிறார்.

"எதுக்குச் சண்டை? பிரிச்சுப் பாத்துடலாம்," என்றாள் க்ளெமான்ஸ்.

கலந்த ஒலியிலிருந்து ஒவ்வொரு குரலையும் உருவி எடுக்கும் மென்பொருள். ரெஜிஸின் நான்காவது கருத்தே அதைத் திட்டித்தான். அதை விழுங்கிக்கொண்டு, "பிரிம்மா," என்றார்.

தாளத்தை ஒதுக்கியதும், திரையில் தடித்துக் கிடந்த ஒற்றைக் கோடு இரண்டானது. மேலே நீலம், கீழே பச்சை.

"ரெண்டு பேர் இருக்கீங்க," என்றாள்.

நீலத்தை ஒலிக்கவிட்டாள். மரத்தரையில் அலமாரியை இழுப்பது போலிருந்தது. "இந்தா, இதுதான் நீ," என்றாள் ஒடில் வெற்றியோடு. அடுத்தது பச்சை. மெல்லிசாக ஏறி, முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு விசில். ஒடில் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இது குறட்டை இல்ல. மூச்சு."

"ஒடில்..."

"சின்னதுலேர்ந்தே அவளுக்கு மூக்கடைப்பு. பன்னெண்டு வருஷம் ஒரே கட்டில்ல படுத்தவ நான். எனக்குத் தெரியாதா?"

"அப்ப குறட்டைன்னு ஒத்துக்கறே."

"மூச்சுன்னேன்."

க்ளெமான்ஸ் ஒப்பந்தத்தையும் பேனாவையும் நகர்த்தினாள். "பச்சை மட்டும் போதும் முசியே. சுத்தமா இருக்கு. நீலத்தை எடுத்துடறேன், என்ன?"

பதிலுக்குக் காத்திராமல் நீலத்தை அணைத்துவிட்டுப் பச்சையை முதலிலிருந்து ஓடவிட்டாள். மிரெய் மூச்சு விட்டாள், விசிலடித்தாள், நின்றாள். நின்ற இடம் ரெஜிஸ் எதிர்பார்த்ததைவிட நீளமாக இருந்தது. கீழ்வீட்டு வாசலில் யாரோ சைக்கிளைச் சாத்துவதுகூடக் கேட்டது. பிறகு மறுபடி மூச்சு, விசில். மறுபடி அந்த வெறுமை. பேனா அவர் கையில் இருந்தது. ஒடில் பணியாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது முறை மிரெயின் மூச்சு நின்றதும், அந்த இடைவெளியில் கரடுமுரடாக ஒரு மூச்சு இழுபட்டது. நேரம் தப்பாமல், சரியாக அந்த இடத்தில். அது தன் மூக்கிலிருந்து வந்தது என்று தெரிய ரெஜிஸுக்கே ஒரு கணம் பிடித்தது.

க்ளெமான்ஸ் சட்டென்று குனிந்து திரையைப் பார்த்தாள். நீலக் கோடு அணைந்துதான் கிடந்தது.