ஐந்தாவது வரி

இரண்டாவது தாளில், மேலிருந்து ஐந்தாவது வரியில் 'அமர்த்தி' என்று இருந்தது. 'பார்வையற்ற மாணவர்களுக்காகத் தேர்ந்த வாசகர்களை அமர்த்தி, நானூற்றுக்கும் மேற்பட்ட பாடநூல்களை ஒலிவடிவில் வழங்கிவரும்' என்று போயிற்று அந்த வரி. அவள் மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். எழுத்துக்கூட்டிப் படித்தாலும் அதுதான் இருந்தது. அமர்த்தியாம்! யார் யாரை அமர்த்தினார்கள்? பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் உட்கார்ந்து வாசித்தது ஒரே ஒரு ஆள். அந்த ஒரே ஆள் இப்போது கல்லூரிக் கலையரங்கத்தை ஒட்டிய சின்ன அறையில், மேசைமேல் வரிசையாக வைத்திருந்த கேடயங்களுக்குப் பக்கத்தில், கையில் மூன்று தாளோடு நின்றுகொண்டிருந்தாள்.

தாள் அவள் கைக்கு வந்ததே தற்செயல்தான். வருஷா வருஷம் கல்லூரியின் பழைய மாணவர் சங்கம், தொழிலில் பேர் எடுத்து ஊருக்கும் நல்லது செய்த மூன்று பேரைக் கூப்பிட்டு விருது கொடுக்கும். இந்த வருஷம் மூன்றாவது ஆள் அவளுடைய கணவன். பாராட்டுரையை விருது வாங்குகிறவரே எழுதிக் கொடுத்துவிடுவார், எப்போதும் அதைச் சங்கத்தின் செயலாளர்தான் வாசிப்பாள். அவளும் இவர்களோடு படித்தவள், விடுதியில் அடுத்த கட்டில்காரி. இன்றைக்குப் பார்த்து அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "ஏய் ரேடியோ, நல்லவேளை வந்த! ரெண்டு பேருக்கு எப்படியோ கத்தி முடிச்சிடறேன். உன் வீட்டுக்காரருக்கு நீயே வாசிச்சிடு. கூட்டமும் ரசிக்கும்" என்று தாளைத் திணித்துவிட்டு, வாசல்வரை போனவள் திரும்பி, "இப்பல்லாம் எங்கயாவது வாசிக்கிறியா? அந்தக் குரலை வீட்ல வச்சு வீணாக்கிட்டியேடி" என்றாள். ரேடியோ என்பது விடுதியில் வைத்த பெயர். பரீட்சைக்கு முந்தின நாள் எட்டுப் பேரைச் சுற்றி உட்காரவைத்து நோட்டை வாசிப்பாள், எட்டுப் பேரும் தேறிவிடுவார்கள். ஒன்பதாவதாக, ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டவன்தான் பிறகு அவளைக் கட்டிக்கொண்டான்.

முதல் தாளில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு மேசை போட்டு ஆரம்பித்த சரக்கு அனுப்பும் தொழிலை அவன் ஆறு துறைமுகங்களுக்குக் கொண்டு போனது நிஜம். ராப்பகலாக உழைத்தான். தொழிலில் கெட்டிக்காரன், அதை யார் இல்லை என்றார்கள்? அந்தத் தாளை அவள் மனசாரப் படிப்பாள். இரண்டாவது தாளில்தான் வயிறு எரிந்தது.

சமையலறைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் நான்கு பக்கமும் கம்பளி தொங்கவிட்டு அவள் வாசித்தாள். மின்விசிறி போட்டால் இரைச்சல் பதிவாகும் என்று போடமாட்டாள். அடுத்த வீட்டு நாய் குரைத்தால் அது ஓயும்வரை விரலை வரியில் வைத்துக் காத்திருப்பாள். வியர்வை கழுத்து வழியாக இறங்கிப் புத்தகத்தில் சொட்டும். பொருளாதாரப் பாடத்தில் படம் வந்தால் படத்தையும் வாசிப்பாள். விலைக்கோடு இடப்பக்கம் உயரத்தில் ஆரம்பிச்சு வலப்பக்கம் கீழ இறங்குது, சறுக்குமரத்துல உக்காந்து வர்ற மாதிரி நினைச்சுக்கோங்க, என்பாள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் "பக்கம் திருப்புறேன்" என்று சொல்லி, அடுத்த பக்கத்தின் எண்ணையும் சொல்வாள். வகுப்பில் வாத்தியார் நாற்பத்தேழாம் பக்கம் என்றால் கண் தெரியாத பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்? அதற்காகத்தான். நாக்குப் புரண்டு தப்பாக வாசித்துவிட்டால் "பிழை. திருத்தி வாசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து எடுப்பாள். ஆரம்பத்தில் அதை வெட்டி எடுக்கத் தெரியாமல் விட்டாள். பிறகு வெட்டத் தெரிந்தும் விட்டுவிட்டாள். தப்பு செய்தால் மறைப்பானேன் என்று ஒரு வீம்பு.

ஒலிப்பதிவு இயந்திரம் வாங்கிக் கொடுத்தது அவன். அறக்கட்டளை என்று ஒரு பெயரைப் பதிவு செய்து இணையதளம் போட்டதும் அவன்தான். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் அறக்கட்டளையின் பெயரைச் சொல்லிவிட்டு நேராகப் பாடத்துக்குப் போய்விடுவாள். தன் பேரைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை, அவனும் சொல்லச் சொன்னதில்லை. பேர் போடாததற்கு அவளுக்குக் கோபமே இல்லை. ஆனால் பேர் இல்லாத இடத்தில் ஒரு கூலிக்கூட்டத்தைக் கொண்டுவந்து உட்காரவைப்பது என்றால், அது என்ன நெஞ்சழுத்தம்! அமர்த்துவது என்றால் வேலைக்கு வைப்பது. பேசுகிறவளைப் பேசாமல் அடக்கி வைப்பதற்கும் அதே சொல்தான். எந்த அர்த்தத்தில் எழுதியிருப்பான் என்று யோசித்தபோது உச்சந்தலை சுட்டது.

அவனைத் தேடிக்கொண்டு நடைபாதைக்குப் போனாள். தேநீர் மேசைக்குப் பக்கத்தில் அவன் ஒரு இளம்பெண்ணோடு நின்றிருந்தான். கறுப்புக் கோட்டு, கையில் மடக்குத்தடி. ஒலிப்புத்தகம் கேட்டுப் படித்து முன்னுக்கு வந்த பதினோரு பேரைச் சங்கம் அழைத்திருந்தது. அவர்களில் ஒருத்தி, வக்கீல்.

"சார், அந்த அக்காவைப் பத்திக் கேட்டு மூணு தடவை மெயில் போட்டேன். இன்னிக்காவது வந்திருக்காங்களா?"

அவன் அதற்குள் மனைவியைப் பார்த்துவிட்டான். இரண்டு எட்டு தூரத்தில் நிற்கிறாள். பார்த்தபடியே சொன்னான்: "அவங்க ஊர்ல இல்லம்மா. வெளியூர் போய் ரொம்ப நாளாச்சு. நீங்க கேட்டதா கண்டிப்பா சொல்றேன்."

"அஞ்சு வருஷம் அவங்க குரலோடதான் சார் சட்டம் படிச்சேன். ஜுரத்துல படுத்திருந்தப்பகூட காதுல மாட்டிக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். ஒரு தடவை கையைப் புடிச்சு நன்றி சொல்லணும், அவ்வளவுதான்."

ஒரு வார்த்தை போதும். 'வாம்மா' என்றாலே அந்தப் பெண் கண்டுபிடித்துவிடுவாள். அவள் வாயைத் திறக்கவில்லை. அவன் பார்த்த பார்வை அப்படி. வீட்டுக்கு ஆள் வந்திருக்கும்போது, உள்ளே போ என்று பார்ப்பானே, அதே பார்வை. முப்பது வருஷமாக அதற்குக் கட்டுப்பட்டுப் பழகிய கால் இப்போதும் தானாக ஒரு எட்டு பின்னால் போயிற்று. அவன்மேல் வந்த ஆத்திரத்தில் பாதி தன்மேலேயே திரும்பியது. வக்கீல் தடியை விரித்துக்கொண்டு, தரையைத் தட்டித் தட்டி அரங்குக்குள் போனாள்.

"யாரு வெளியூர் போனது?" என்று கேட்டாள்.

"கத்தாத. ஆளுங்க இருக்காங்க."

"நான் கத்தலியே. யாரு போனதுன்னு கேக்குறேன்."

அவன் அவளைத் தூண் ஓரமாக நகர்த்தினான். "இங்க பாரு. விருதுக் குழு ஒரு அமைப்பா இருக்கான்னுதான் பாப்பாங்க. என் வீட்டம்மா சாமான் ரூம்ல உக்காந்து வாசிக்கிறான்னு எழுதினா எப்படி இருக்கும், நீயே சொல்லு. சின்னதா தெரியாது?"

"சின்னதா."

"உனக்கு ஆயிரம் பேர் போன் பண்ணித் தொல்லை குடுப்பாங்க. அதையும் யோசிச்சேன். உனக்காகத்தான்."

"மூணு மெயிலையும் என்கிட்ட சொல்லாம மறைச்சது எனக்காகவா?"

"இப்ப என்ன, ஒரு வார்த்தை. விழா மலர்ல அச்சாயிடுச்சு, மாத்த முடியாது. வாசிச்சிட்டு வா. மத்ததை வீட்ல போய்ப் பேசிக்கலாம்."

"நீ பேசாத" என்றாள்.

அவன் திடுக்கிட்டான். கல்லூரியில் அவர்கள் 'நீ', 'வா', 'போ' என்றுதான் இருந்தார்கள். கல்யாணமான மறுநாள் மாமியார் முகம் சுளித்ததற்காக அவள் 'நீங்க'வுக்கு மாறினாள். மாமியார் போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகியும் 'நீங்க' போகவில்லை. இப்போது அது கழன்று விழுந்துவிட்டது. அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான், அதற்குள் உள்ளேயிருந்து கட்டிய தொண்டையோடு செயலாளர் அவன் பெயரைக் கூப்பிட்டுவிட்டாள். உடனே சட்டைக் காலரைச் சரி செய்து, முகத்தில் சிரிப்பைப் போட்டுக்கொண்டு நடந்தான். அவனால் அது முடியும்.

மேடை நடுவில் அவனை நிறுத்திக் கேடயத்தைக் கையில் கொடுத்தார்கள். கைதட்டல் ஓய்ந்தது. மைக் மேடையின் ஓரத்தில், வெளிச்சம் அவ்வளவாக விழாத இடத்தில் இருந்தது. புகைப்படத்தில் தெரிவதற்காகப் பதினோரு பேரையும் முதல் வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கூட்டம். அவள் தாளை உயர்த்தினாள்.

முதல் தாளை ஒரு சொல் கூடாமல் குறையாமல் வாசித்தாள். இரண்டு மேசை, ஆறு துறைமுகம், எல்லாவற்றுக்கும் அதற்குரிய மதிப்பைக் கொடுத்தாள். மூன்றாவது வாக்கியத்திலேயே முதல் வரிசையில் யாரோ பக்கத்தில் இருந்தவரின் முழங்கையை இடித்தது தெரிந்தது. ஒருவர் தலையைத் தூக்கினார். இன்னொருவர் எதையோ ஞாபகப்படுத்திக்கொள்வதுபோல் நெற்றியைத் தேய்த்தார். சந்தேகம்தான், உறுதியில்லை. தாளின் கடைசி வரி முடிந்தது.

"பக்கம் திருப்புறேன்" என்றாள். "ரெண்டு."

வேண்டுமென்றே சொன்னாளா, பழக்கத்தில் வாயில் வந்ததா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அவள் உளறிவிட்டதாக நினைத்துக் கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். முதல் வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. பதினோரு முகங்களும், நடுவில் கேடயத்தோடு நின்றவனை விட்டு ஒரே நேரத்தில் மேடையின் ஓரத்துக்குத் திரும்பின. "அக்கா!" என்றாள் வக்கீல். ஒலிபெருக்கி இல்லாமலே அது கடைசி வரிசைவரை கேட்டது. "அக்கா, நீங்கதானே?"

கூட்டம் சலசலத்தது. செயலாளர் ஒன்றும் புரியாமல் இவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். புகைப்படக்காரர் கருவியைக் கண்ணிலிருந்து இறக்கினார். அவன் மட்டும் இன்னும் அதே சிரிப்போடு நின்றான். ஆனால் தலை மிக லேசாக, அவளுக்கு மட்டும் தெரியும்படி, இடமும் வலமும் ஆடியது. வேண்டாம், வேண்டாம்.

அவள் விரலை வரியில் வைத்துக்கொண்டாள், நாய் ஓயட்டும் என்று காத்திருக்கிறபோது வைத்துக்கொள்வதுபோல. சலசலப்பு அடங்கியது. முதல் வரியை வாசித்தாள். இரண்டு, மூன்று, நான்கு. குரல் பிசிறவில்லை. சாமான் அறையில் வாசிக்கும் அதே நிதானம், கம்பளிதான் இல்லை.

"பார்வையற்ற மாணவர்களுக்காகத் தேர்ந்த வாசகர்களை அமர்த்தி," என்று வாசித்தாள்.

அங்கே நிறுத்தினாள்.

"பிழை" என்றாள். "திருத்தி வாசிக்கிறேன்."

அந்த வார்த்தை காதில் விழுந்தால், முன்னால் கேட்டதை அடித்துவிட்டு, சரியானது வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று அந்தப் பதினோரு பேருக்கும் தெரியும். வக்கீல் தடியைக் காலடியில் வைத்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்கள். தலையைச் சற்றே சாய்த்து, பதினோரு பேரும் அவள் பக்கமாகக் காதைக் கொடுத்து உட்கார்ந்தார்கள்.