அகன்றுகொண்டே போன முற்றம்

நாட்டை இரண்டாகப் பிரிப்பது என்று கடல்கடந்து எங்கோ கைதூக்கி முடிவு செய்த மறுநாள், ஹைஃபா கீழ்நகரில் ரெய்னா வீட்டுக்கும் ஹஸ்னா வீட்டுக்கும் பொதுவான முற்றம் இரண்டு முழம் அகன்றிருந்தது. துணிக்கொடி அறுந்து கிடந்ததைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. யூதர்கள் சுவரை நகர்த்திவிட்டார்கள் என்றான் ஹஸ்னாவின் கணவன் ஷுக்ரி. அரபுகளின் வேலை என்றான் ரெய்னாவின் அண்ணன். அளக்க வந்த ஆங்கிலேய அதிகாரி, மே மாதம் நாங்கள் கிளம்புகிறோம், அப்புறம் உங்கள் பாடு என்று நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனான். முற்றம் அதுபாட்டுக்கு வளர்ந்தது. ஜனவரியில் எதிர்வீட்டுக்குக் கேட்க வேண்டுமானால் கத்த வேண்டியிருந்தது. மார்ச்சில் குறுக்கே போகிறவர்கள் தண்ணீர் எடுத்துப்போனார்கள். இரு தரப்பும் சுட்ட குண்டுகள் பாதி முற்றம்கூடத் தாண்டாமல் விழுந்தன. தெருவில் மட்டும் ஆட்கள் செத்தார்கள்.

ரெய்னா கைம்பெண். யூதர்களான எங்களுக்குச் சனிக்கிழமை நெருப்பு மூட்டக் கூடாது. மூட்டச் சொல்லி அடுத்தவரைக் கேட்கவும் கூடாது. வாசலில் நின்று பொதுவாக ஏதாவது சொல்லலாம். "வீடு குளிருது" என்பாள் ரெய்னா. ஹஸ்னா வந்து அடுப்பைப் பற்றவைப்பாள். "உங்க கடவுளுக்குக் காது கேக்காதுன்னு நெனச்சீங்களாக்கா?" என்று சீண்டுவாள். "அவருக்கும் குளிருமில்லடி" என்பாள் இவள். பத்து வருஷப் பழக்கம். முற்றம் அகன்ற பிறகும் ஹஸ்னா ஒரு வாரம்கூட வராமலிருந்ததில்லை.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, அரபுக் குடும்பங்கள் கிளம்பிக் கீழ்நகரே காலியாகிக்கொண்டிருந்தபோது, ஷுக்ரி படுக்கையையும் பாத்திரங்களையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் வண்டியில் ஏற்றினான். துறைமுகத்தில் லெபனான் படகு நின்றது. ரெய்னா வாசலுக்கு ஓடிவந்தாள். போகாதே என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எந்த வேதமும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் சனிக்கிழமையில் அவளிடம் எதையும் நேராகக் கேட்டுப் பழகாத வாய்.

"ஹஸ்னா, வீடு குளிருதுடி" என்று கத்தினாள். காற்று அந்தப் பக்கமாக வீசியதால் கேட்டது.

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஹஸ்னா வண்டியிலிருந்து இறங்கினாள்.

"எங்கடி போற? படகு நமக்காக நிக்குமா?" என்றான் ஷுக்ரி.

"அடுப்பப் பத்தவெச்சுட்டு வந்துர்றேன். நீங்க புள்ளைங்களோட முன்னால போங்க."

வந்தாள், பற்றவைத்தாள், கையைத் துடைத்துக்கொண்டாள். ரெய்னா வாயைத் திறந்தாள். "காபி குடிச்சுட்டுப் போயேன்" என்பதுதான் வந்தது.

"நேரமாச்சுக்கா" என்று ஹஸ்னா திரும்பி நடந்தாள். பாவி ரெய்னா, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஷுக்ரியும் பிள்ளைகளும் ஏறிய படகு போய்விட்டது. ஹஸ்னா தன் வாசலை அடையவில்லை. அவள் நடக்க நடக்க முற்றமும் அகன்றது. மே மாதம் எங்கள் நாடு பிறந்தது, ஊருக்கு மேலே குன்றில் எங்கள் ஆட்கள் தெருத்தெருவாக ஆடினார்கள், அவள் நடந்துகொண்டிருந்தாள். போகாதே, திரும்பி வந்துவிடு என்று ரெய்னா மறுநாளிலிருந்தே நேராகக் கத்தத் தொடங்கியிருந்தாள். தொண்டை போகும்வரை கத்தினாள். அதற்குள் குரல் எட்டாத தூரமாகிவிட்டது. ஹஸ்னாவின் வீட்டில், ருமேனியாவில் எல்லோரையும் பறிகொடுத்து வந்த ஒரு தம்பதியைக் குடிவைத்தார்கள். முற்றத்தில் யாரோ நடந்து வருகிறார்கள் என்று முதல் வருஷம் கதவைத் தாழிட்டுக் கிடந்தார்கள், பிறகு பழகிவிட்டது. ரெய்னா கண்மூடி வெகுகாலமாகிறது. வானம் தெளிவாக இருக்கும் காலையில் ஹஸ்னாவின் முதுகு இன்னும் தெரிகிறது. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் முகம் தெரியும் என்கிறார்கள். இங்கிருந்து யாரும் போய்ப் பார்த்ததில்லை.