யுதெல்சிக்கு ஊற்றிய தண்ணீர்

குழந்தை பிறந்து இரண்டு நாள்வரை பால்மிச்சாலில் எல்லோரும் ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள். அதுவரை யாரும் அதன் பெயரை வாய்விட்டுப் படிக்கவில்லை.

பெயர் வைப்பதற்கு அந்த ஆற்றங்கரை ஊரில் ஒரு முறை உண்டு. அப்பா பெயரில் ஒரு துண்டு, அம்மா பெயரில் ஒரு துண்டு. ஒட்டிவிட்டால் பிள்ளைக்குப் பெயர் ஆயிற்று. ஊரில் பாதிப் பேர் இப்படி ஒட்டுப்போட்டவர்கள்தான். அப்பா ஹுஸ்தீனோ, அம்மா தெல்சி. அவன் பெயரின் முதல் துண்டையும் அவள் பெயரை முழுசாகவும் சேர்த்து ஒரு நோட்டுத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். எழுதியதில் தகராறு இல்லை. முதல் எழுத்தான J-யைப் படிப்பதில்தான் இருந்தது. பழைய பெயர்களில் அது 'ஹ'. புதுப் பெயர்களில், கொஞ்சம் ஸ்டைல் வேண்டும் என்பவர்களுக்கு, அதுவே 'ய'. தெல்சி ஒன்பது மாதமும் வயிற்றைத் தடவி "யுதெல்சி, யுதெல்சி" என்றுதான் கூப்பிட்டு வந்தாள். உள்ளேயிருந்து உதை வந்தது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் நாத்தனார் வந்தாள்.

தொமித்திலா, ஹுஸ்தீனோவின் அக்கா. படகுத்துறையில் பயணிகள் பட்டியலை ஒலிபெருக்கியில் படிப்பவள். இருபது வருடமாக அவள் எப்படிப் படிக்கிறாளோ அதுதான் அந்த ஆளின் பெயர். தன் பெயரைத் திருத்தப் பார்த்த ஒரு வாத்தியார் அன்றைய படகைத் தவறவிட்டார். அதற்குப் பிறகு யாரும் திருத்தவில்லை.

அவள் சுவரைப் பார்த்தாள். "ஹுதெல்சி. நல்லாத்தான் இருக்கு."

"யுதெல்சி, அண்ணி."

"என்னது?"

"யு. யுதெல்சி."

"என் தம்பி பேரு என்ன, யுஸ்தீனோவா?"

"தம்பி பேரு தம்பிக்கு. இது என் பொண்ணு பேரு."

"முதல் துண்டு எங்க வீட்டுது. அதை எப்படிப் படிக்கணும்னு நீ எனக்குச் சொல்லித் தராத. உன் துண்டை நான் தொட்டேனா? தெல்சின்னு ஒழுங்காத்தானே படிச்சேன்?"

"ஹுன்னா சூப்பை ஊதி ஆத்துற மாதிரி இருக்கு அண்ணி. கூப்பிடும்போதெல்லாம் பிள்ளை மூஞ்சில காத்தடிக்குது."

"அடிக்கட்டும். இந்த வெக்கைக்கு நல்லது."

ஹுஸ்தீனோவுக்கு அந்த நேரம் பார்த்துப் படகு மோட்டாரில் ஏதோ சரிபார்க்க வேண்டியிருந்தது. அந்த வாரம் முழுக்க மோட்டாருக்கு ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது. மகளைப் பற்றிப் பேச நேர்ந்தால் "பாப்பா" என்றான். அக்கா முன்னாலும் பாப்பா, பெண்டாட்டி முன்னாலும் பாப்பா. ஒரு வெளிநாட்டுத் தூதர்கூட இவ்வளவு கவனமாகப் பேசியிருக்க மாட்டார்.

தெல்சி விட்டுக்கொடுத்திருப்பாள், முதல் பிள்ளை மட்டும் இல்லையென்றால். அவனுக்கு அவள் வைத்த பெயர் வில்மெர். தண்ணீர் ஊற்றும் அன்று தொமித்திலா அதை "குவில்மேர்" என்று சொல்லி ஊற்றினாள். ஊர் குவில்மேர் என்றது, பள்ளிக்கூடம் குவில்மேர் என்றது, ஆறே மாதத்தில் தெல்சியின் வாயிலும் குவில்மேர்தான் வந்தது. ஐந்து வயதாகிறது. இன்றைக்கு வில்மெர் என்று கூப்பிட்டால் அவன் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறான்.

இந்தத் தண்ணீர்தான் விஷயம். ஞானஸ்நானம் கொடுக்கச் சாமியார் வருடத்துக்கு ஒரு தடவை படகில் வருவார். அதுவரை பிள்ளைகள் காத்திருக்க முடியாதென்று ஊரே வீட்டில் வைத்துத் தண்ணீர் ஊற்றிவிடும். ஊற்றுகிறவள் பெயரைச் சொல்லி ஊற்றுவாள். அவள் வாயில் வந்ததுதான் பெயர். இரண்டாம் முறை ஊற்றக் கூடாது. ஊற்றுகிறவள் ஞானத்தாய்; அன்றிலிருந்து அவளும் பெற்றவர்களும் ஒருவருக்கொருவர், பெண்ணென்றால் கொமாத்ரே, ஆணென்றால் கொம்பாத்ரே. அது கூடப்பிறந்தவர்களைவிட ஒரு படி மேலான உறவு. அவர்களுக்குள் ஏச்சு கூடாது, எதிர்ப்பேச்சு கூடாது, குரல்கூட உயரக் கூடாது. இந்தப் பிள்ளை பிறக்கும்வரை ஐந்து வருடமாகத் தெல்சி நாத்தனாரிடம் வாயை மூடிக்கொண்டிருந்தது இதனால்தான். அந்தக் குடும்பத்தில் பத்தொன்பது தலைக்குத் தொமித்திலாதான் ஊற்றியிருக்கிறாள். இருபதாவது தலை வரும் ஞாயிற்றுக்கிழமை.

மீதியிருந்தது ஆறு நாள். தெல்சி ஊர்ப் பெண்களுக்குத் தலை பின்னுகிறவள். அந்த வாரம் முழங்காலுக்கு நடுவில் வந்து உட்கார்ந்த ஒவ்வொரு தலையிடமும் சாதாரணமாகக் கேட்டாள்: "என் பொண்ணு பேரு என்ன?" ஹு என்றவர்களுக்குப் பின்னல் கொஞ்சம் இறுக்கமாக விழுந்தது.

"ஐயோ தெல்சி, கண்ணு மேல போகுதுடி!"

"பேரு என்ன?"

"யு! யு! எதுவா வேணா இருக்கட்டும், விடு!"

வெள்ளிக்கிழமைக்குள் ஊரில் பாதிப் பெண்கள் புருவம் தூக்கிய முகத்தோடு யுதெல்சி என்றார்கள். மருத்துவச்சி நிக்கொலாசா மட்டும் பின்னலுக்கு வராமலேயே தெல்சி பக்கம். "வெளிய எடுத்தது நான். அந்த நிமிஷம் இவ என்ன சொல்லிக் கத்தினாள்னு எனக்குத்தான் தெரியும். ஹுன்னு கத்தலை" என்றாள்.

ஆனால் தொமித்திலா பின்னல் போட்டுக்கொள்வதே இல்லை. ஊற்றப் போகிறவளும் அவள்தான்.

ஞாயிறு காலை வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். தேங்காய்ச் சோறும் உப்பு மீனும் வாசலில் வெந்தன. ஞானத்தந்தையாக நிற்க வந்த படகுத் தச்சர் தோன் ப்ளாசிதோ காலையிலேயே கரும்புச் சாராயத்தில் ஒரு மடக்கு போட்டுவிட்டு, பக்தியாக மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெழுகுவர்த்தி நேராக நின்றது, அவர்தான் ஆடினார். மேசைமேல் சுரைக்குடுக்கையில் தண்ணீர், ஒரு தட்டில் உப்பு. தெல்சி பிள்ளையை ஏந்தி நின்றாள். எல்லோரும் விசுவாசப் பிரமாணம் சொல்லி முடித்தார்கள். தொமித்திலா தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஒலிபெருக்கி எடுத்து வரவில்லை, தேவைப்படாது.

"ஹு..."

அவள் குடுக்கையைத் தொடுவதற்குள் தெல்சி ஒரு கையால் அதை எடுத்துவிட்டாள். பிள்ளையின் தலைமேல் சாய்த்தாள். பாதித் தண்ணீர் பிள்ளைக்கு, பாதி தோன் ப்ளாசிதோவுக்கு.

"யுதெல்சி! பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே, யுதெல்சி!"

 பிள்ளை வீறிட்டது.  முடிந்தது. ஊற்றியாயிற்று. இந்த முறை தெல்சி வாயில் வந்ததுதான் பெயர்.

முதலில் பேசியவள் தொமித்திலாதான். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் தெல்சிக்குப் பயமாக இருந்தது.

"சரி. ஊத்திட்ட. அப்போ இந்தப் பிள்ளைக்கு ஞானத்தாய் நீ."

"ஆமா."

"பிள்ளைக்கு அப்பா என் தம்பி."

"ஆமா."

"அப்போ நீ என் தம்பிக்கு என்ன வேணும்?"

  கூட்டத்தில் யாரோ "அடக் கடவுளே" என்றார்கள். பெற்றவள் தன் பிள்ளைக்கே தண்ணீர் ஊற்றியது அந்த ஆற்றில் மேலும் கீழும் யாருக்கும் நினைவில் இல்லை. ஊற்றினால் அவள் தன் புருஷனுக்கே கொமாத்ரே. கொமாத்ரேயும் கொம்பாத்ரேயும் ஒரே படுக்கையில் படுத்தால் செத்த பிறகு தீப்பந்தாக ஆற்றின்மேல் அலைவார்கள் என்பது, கைக்குழந்தை தவிர அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெல்சிக்கும் தெரியும். குடுக்கையைப் பிடித்த கைக்குத்தான் அது ஞாபகம் வரவில்லை.

தொமித்திலா குரலைத் தாழ்த்தினாள். "கேளு பொண்ணே. ஒரே ஒரு வார்த்தை. 'நான் ஊத்தலை, பிள்ளை தலை பிசுபிசுன்னு இருந்துச்சு, கழுவினேன்'னு இத்தனை பேர் முன்னால சொல்லிடு. அது கழுவின தண்ணியாயிடும். நான் முறைப்படி ஊத்துறேன். உன் புருஷன் உன் புருஷனாவே இருப்பான்."

"எப்படிச் சொல்லி ஊத்துவீங்க?"

"எப்படிச் சொல்லணுமோ அப்படி."

தெல்சி புருஷனைப் பார்த்தாள். கதவோரம் நின்ற ஹுஸ்தீனோவின் முகத்தில் சொல்லித் தொலையேன் என்ற கெஞ்சல் இருந்தது. சொல்ல அதிகம் ஒன்றுமில்லை. ஒரு சின்னப் பொய். குவில்மேருக்கு அன்று இப்படித்தான் சும்மா இருந்தாள்.

"கழுவலை. ஊத்தினேன்" என்றாள் தெல்சி. "அவருக்குப் படுக்க வலை ஊஞ்சல் அதோ மாட்டியிருக்கு. உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

சோறு வீணாகவில்லை. எல்லோரும் சாப்பிட்டார்கள், வழக்கத்தைவிட அதிகமாக.

அன்றே ஹுஸ்தீனோ அக்கா வீட்டுக்குப் போனான். முறை என்று வந்துவிட்டால் தொமித்திலா அரைகுறையாக எதையும் செய்கிறவள் இல்லை. ஊற்றிய பெயரை மாற்றிச் சொல்வது முறைகேடு, அதனால் ஹு என்பதை விட்டுவிட்டாள். யு என்று சொல்லவும் நாக்கு வளையவில்லை. "அந்தப் பிள்ளை" என்றாள். தம்பியைத் தினமும் உட்கார வைத்து, "அவளாவே வந்து கழுவினேன்னு சொல்லுவா, பொறு" என்றாள்.

தெல்சி போகவில்லை. பின்னினாள், பால் கொடுத்தாள், விறகு தானே பிளந்தாள். சாயங்காலம் படுக்கையின் காலிப் பக்கம் கண்ணை உறுத்தியது. அங்கே துணி மடித்து வைத்துக்கொண்டாள். மீன் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு ஹுஸ்தீனோ தயங்கி நிற்பான். கொமாத்ரேயிடம் மரியாதையாகப் பேச வேண்டும் அல்லவா, பன்னிரண்டு வருடமாக வாடி போடி என்றவன் இப்போது, "கொமாத்ரே, சௌக்கியமா இருக்கீங்களா?" என்றான்.

"உங்க புண்ணியத்துல, கொம்பாத்ரே."

"பாப்பா சௌக்கியமா?"

அவள் கதவைச் சாத்திவிடுவாள்.

இப்படி மூன்று வாரம் போயிற்று. நிக்கொலாசாகூட, "ஏண்டி, ஒரு எழுத்துக்காக ஒரு ஆம்பளையை விடுவாங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

"நான் விடலை. பேரைச் சொல்லிட்டு வரட்டும். அந்த வாசல் திறந்துதான் இருக்கு."

"தீப்பந்து?"

"செத்தப்புறம் நடக்கிறதுக்கு இப்பவே ஏன் அழணும்? உயிரோட இருக்கிறப்போ என் பொண்ணை நான் கூப்பிடணும்."

நான்காவது திங்கட்கிழமை நடுப்பகலில், கிப்தோவுக்குப் போகும் படகுக்காகத் துறையில் அறுபது பேர் காத்திருக்கையில், ஹுஸ்தீனோ வலை ஊஞ்சலைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஊரின் ஒரே தெருவில் நடந்து வந்தான். பட்டியலின் நடுவில் தொமித்திலா நிறுத்தினாள்.

"எங்கடா போற?" ஒலிபெருக்கி கேட்டது. அறுபது தலைகள் திரும்பின.

அவன் நிற்காமல் நடந்தான். வாசலில் நிக்கொலாசாவின் தலையைப் பின்னிக்கொண்டிருந்த தெல்சி எழுந்திருக்கவில்லை.

"என்ன விஷயம், கொம்பாத்ரே?"

"பாப்பாவைப் பாக்கணும், கொமாத்ரே."

"பாப்பான்னு இந்த வீட்ல யாரும் இல்லை."

அவன் வியர்வையைத் துடைத்தான். துறையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தான்.

"கேக்கலை" என்றாள் தெல்சி.

"எனக்கே கேக்கலை" என்றாள் நிக்கொலாசா. "நான் உன் கால் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்."

ஹுஸ்தீனோ மூச்சை இழுத்தான். மோட்டார் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை அது.

"யுதெல்சி! யுதெல்சியைப் பாக்கணும்! என் பொண்ணு யுதெல்சியை!"

உள்ளே பிள்ளை திடுக்கிட்டு எழுந்து அழ ஆரம்பித்தது. துறையில் ஒலிபெருக்கி கரகரத்தது. "செத்ததும் தீப்பந்தா ஆத்துல சுத்துவடா! ரெண்டு பேரும் சுத்துவீங்க!"

"சுத்துறேன்கா!" என்று அவன் திரும்பிக் கத்தினான். "ராத்திரி படகு ஓட்டுறவனுக்கு வெளிச்சமாவது கிடைக்கும்!"

பயணிகளில் யாரோ கைதட்டினார்கள். தொமித்திலா ஒலிபெருக்கியை இறக்கவில்லை.  பட்டியலை விட்ட இடத்திலிருந்து படித்தாள்.

தெல்சி பின்னலை முடிந்தாள். "உள்ள வாங்க, கொம்பாத்ரே. ஊஞ்சலை அடுப்படியில மாட்டுங்க. படுக்கை சமாச்சாரம் அப்புறம் யோசிக்கலாம்." அவன் குனிந்து நிலையைத் தாண்டினான். "அழுவுறா பாருங்க, தூக்குங்க. சும்மா தூக்காதீங்க, பேர் சொல்லித் தூக்குங்க."