எஜீதியோவின் பார்வை

எங்கள் ஊரான பியெத்ராமூத்தாவின் மாதா கோவில் பீடத்தின் மேல் கை வைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

...பார்க்கக் கூடாது, குழந்தையை மட்டும் பார்க்கவே கூடாது, தட்டைப் பார், ரொட்டியைப் பார், ரொட்டியைக்கூட ரொம்ப நேரம் பார்க்காதே, எஜீதியோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், நாற்பது வருஷம் கழித்து மெல்போர்னிலிருந்து இத்தாலிக்கு, பிறந்த ஊருக்கு, மனைவி டோரீனையும் மகள் லினெட்டையும் அவள் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தவன், பெரியம்மா மகள் அசுந்தாவின் விருந்து மேசையில் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான்... தன் பொல்லாத கண்ணேற்றைக் கடல் கழுவிவிட்டது என்றல்லவா நினைத்தான், மெல்போர்னில் அவன் பார்த்து ஒருத்தனுக்குப் பல்வலிகூட வந்ததில்லையே, இங்கே பேருந்தை விட்டு இறங்கியதுமே ஆண்களெல்லாம் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டார்கள், உள்ளே எதைத் தொட்டார்கள் என்பது அவர்களுக்கும் ஆண்டவருக்கும் வெளிச்சம், பெண்கள் இரும்பைத் தேடினார்கள், சாவி, கொக்கி, ஆணி, ஒருத்தி ஒன்றும் கிடைக்காமல் புருஷனின் இடுப்பு வார் வளையத்தைப் பிடித்துக்கொண்டாள்... பாவம் டோரீன், ஏதோ வரவேற்பு என்று பதிலுக்குக் கையாட்டினாள், பிழைப்பில்லாமல் ஊரை விட்டேன் என்றுதானே அவளிடம் சொல்லியிருக்கிறான்... எல்லாம் இந்தக் கூடிய புருவத்தால் வந்தது, புருவம் கூடியவன் கண் பட்டால் விளங்காது என்பது ஊர்ப் பேச்சு, பங்குச் சாமியாரின் கோவேறு கழுதையை நல்ல கழுதை என்றான், மறுநாளிலிருந்து அது பின்பக்கமாகவே நடந்தது, சாமியார் ஊருக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு கோவிலுக்கு வந்து சேர்ந்தார், மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்தான், நாக்கு அடிக்கிறது, மணியில் சத்தமில்லை... கழுதையும் மணியும் போகட்டும், எதிர்வீட்டுத் தெரேசினாவின் குழந்தையை அழகு என்றானே, கூடவே ‘ஆண்டவர் காக்கட்டும்’ என்று சொல்ல மறந்தானே, அன்றே அதற்குக் காய்ச்சல் கண்டது, குழந்தை பிழைத்துக்கொண்டது, ஆனால் தெரேசினா அவனைப் பார்த்த பார்வை... அதற்குப் பயந்துதானே கப்பலேறினான், அதே மாதிரி லினெட் பார்த்துவிட்டால்?

“டேய் எஜீதியோ, வந்ததுலேருந்து தட்டையே முறைக்கிறியே, சொந்தப் பேத்தியை ஒரு தடவை பாரேன்டா” என்றாள் அசுந்தா, வாய்தான் சொன்னது, கை மேசைக்கு அடியில் போய்விட்டது, சுற்றிலும் ஒரு கைகூட மேலே இல்லை. “ஏன் எல்லாரும் கையைக் கீழே விடறாங்க?” என்று டோரீன் கேட்க, அசுந்தாவின் புருஷன் நிக்கோதெமோ முகம் மாறாமல், “ஜெபம் பண்றோம்மா, எங்க ஊர்ல அங்கேதான் பண்ணுவோம்” என்றான். லினெட்டுக்குப் பசி. “அப்பா, இவளைக் கொஞ்சம் வச்சுக்குங்க, நான் ரெண்டு வாய் சாப்பிட்டுக்கறேன்” என்று மடியில் போட்டுவிட்டாள்.

கண்ணை இறுக மூடினான், ஈரமான ஒரு குட்டிக் கை மூக்கில் ஏறிப் புருவத்தைப் பிடித்து இழுத்தது, வலியில் கண் திறந்துவிட்டது, ஐயோ, எவ்வளவு அழகு... வாய்விட்டே சொல்லிவிட்டான், அடுத்த வார்த்தை, அந்தக் காக்கிற வார்த்தை, அது என்ன, நாற்பது வருஷம் ஆங்கிலம் பேசிய நாக்கில் அது வரவில்லை, உதவிக்கு டோரீனைப் பார்த்தான், அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், இடது கை மட்டும் மடியில் ஒரு சாவியை முட்டி வெளுக்கப் பிடித்திருந்தது, பழக்கப்பட்ட பிடி... மெல்போர்னில், தினமும், அவன் எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது இந்தக் கை எங்கே இருந்தது?

எஜீதியோ கப்பலேறிய பிறகு எங்கள் ஊருக்குத் திரும்பி வந்ததே இல்லை, இதையும் அதே பீடத்தின் மேல் கை வைத்துத்தான் சொல்கிறேன்.